விஸாவும் தலைப்பெழுத்தும்

வெளிநாட்டில் வேலை உறுதியான பின்னரும் விஸா வாராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி இப்பகுதியில் எழுத வேண்டுமென்று செம்பூர் அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்காக வெளியே சென்று செய்தி திரட்ட வேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை. என் மனைவியின் தம்பி, சென்ற ஆண்டின் பெரும்பகுதியை எங்கள் வீட்டு வாசற்படியில் அமர்ந்து, கைப்பேசியைப் பார்ப்பதும் வைப்பதுமாகவே கழித்தான். அவனுடைய உண்மைப் பெயரை அச்சில் ஏற்றுவது முறையன்று. ஆயினும் பெயரே இவ்வரலாற்றின் கரு ஆதலால், ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லாமல் எழுதவும் இயலாது. ஆகவே அவன் பெயர் முருகன் என்றும், அவன் தந்தையார், அதாவது என் மாமனார், பெயர் செல்லையா என்றும் வைத்துக்கொள்வோம்.

மாமனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளவயதில் தாராவிக்கு வந்தவர். விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கினார். முருகன் பத்தாம் வகுப்பு வரை ஊரில் ஆச்சி வீட்டிலிருந்து படித்தான். பின்னர் இங்கே வந்து தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் வேலை கற்றுத் தேறினான். ஊரில் பாதிப் படிப்பு, மும்பையில் பாதிப் படிப்பு என்பது நம் குடும்பங்களில் புதிதன்று. அதன் பயனாக ஒரே பிள்ளைக்கு இரண்டு மாநிலத்துச் சான்றிதழ்கள் அமைந்துவிடுகின்றன என்பதை மட்டும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டுகிறேன்.

வளைகுடா நாடொன்றின் கம்பெனி ஆள் எடுக்க மும்பைக்கு வந்தது. முருகன் இரும்புத் தகடுகளை ஒட்டிக் காட்டி, தொழிற்சோதனையில் தேறினான். மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. பாஸ்போர்ட்டை ஏஜெண்டு வாங்கிக்கொண்டார். "மூன்றே வாரம். விஸா குத்தி வந்துவிடும். பெட்டியை வாங்கி வைத்துக்கொள்" என்றார். பெட்டி வாங்கப்பட்டது. மூன்று வாரம் ஆறாயிற்று, ஆறு ஒன்பதாயிற்று. ஏஜெண்டு ஆபீஸில் முதலில் நாற்காலி தந்தார்கள். பின்னர் நிற்க வைத்தே பேசினார்கள். அதன்பின் தொலைபேசியை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

இத்தகைய காத்திருப்பிலே கொடியது யாதெனில், பாஸ்போர்ட்டு நம் கையில் இல்லாமைதான். அது துணைத் தூதரகத்தின் மேசை மேல் இருக்கிறதா, ஏஜெண்டின் அலமாரியில் இருக்கிறதா என்பதே தெரியாது. வேறு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. உள்ளூர் வேலையை ஒப்புக்கொள்ளவும் மனம் வாராது, நாளைக்கே அழைப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் தடுக்கும். மருத்துவச் சான்றுக்கோ சில மாதமே ஆயுள். அதுவும் நாள்தோறும் தேய்ந்துகொண்டிருக்கும்.

பத்தாவது வாரத்தின் இறுதியில் பாஸ்போர்ட்டு திரும்பி வந்தது. விஸா இல்லை. பெயர் பொருந்தவில்லை என்பது மாத்திரமே காரணமாகச் சொல்லப்பட்டது.

அன்றிரவு அவனுடைய காகிதங்கள் அனைத்தையும் எங்கள் வீட்டுத் தரையில் பரப்பினோம். குமாஸ்தாவாக இருப்பவனுக்குக் காகிதங்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டல்லவா? பள்ளிச் சான்றிதழில் 'முருகன்' என்னும் பெயரும், அதன் அருகே எஸ் என்ற ஓர் இங்கிலீஷ் எழுத்தும் இருந்தன. தொழிற்பயிற்சிச் சான்றிதழில் முருகன், அடுத்துத் தந்தை பெயர், மூன்றாவதாக ஒரு ஜாதிப் பெயர்! அங்கே தந்தை பெயரின் முதலெழுத்து எஸ் அன்று, சி-எச் என்று மாறியிருந்தது. நம் தமிழ்ச் 'செ' இங்கிலீஷில் எந்த எழுத்தை உடுத்துக்கொள்ளும் என்பது எழுதுபவர் மனநிலையைப் பொறுத்ததன்றோ? பாஸ்போர்ட்டில் இடுபெயர்க் கட்டத்தில் முருகன் என்றிருந்தது. குடும்பப் பெயர்க் கட்டம் காலி. தந்தை பெயர் மற்றொரு பக்கத்தில், எஸ் எழுத்தில் தொடங்கி. கம்பெனி அங்கிருந்து அனுப்பிய விஸா அனுமதித் தாளோ தொழிற்சான்றிதழைப் பார்த்து எழுதப்பட்டது. ஆகவே அதில் மூன்று சொற்கள் இருந்தன. நான்கு காகிதங்களில் மூன்று முருகன்கள். துணைத் தூதரக அதிகாரியை எவ்வாறு குறை கூறுவது? நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

ஜாதிப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, தொழிற்பயிற்சி நிலையத்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர், "அட்நாவ் இல்லாமல் இங்கே எந்தத் தாளும் நகராது" என்று தாமே எழுதிவிட்டதாக முருகன் சொன்னான். அட்நாவ் என்றால் மராட்டியில் குடும்பப் பெயர். நம்மவர் பிள்ளைகளின் பள்ளிப் பதிவேடுகளில் நாடார், தேவர், கோனார் என்று நிற்பனவெல்லாம் பெரும்பாலும் இவ்வாறு வந்தவையே. மராட்டியர் முறைப்படி முதலில் தன் பெயர், அடுத்துத் தந்தை பெயர், மூன்றாவது குடும்பப் பெயர். 2024-இல் மராட்டிய அரசு தாயின் பெயரையும் இவ்வரிசையில் சேர்த்தது. தாய்க்கு இடம் கொடுத்தது போற்றத்தக்கதே. ஆனால் நம்மிடம் இருப்பதோ தன் பெயரும் அதன்முன் ஓர் எழுத்துமே. மூன்று கட்டங்களுக்கும் நான்கு கட்டங்களுக்கும் நாம் எதைக் கொண்டு நிரப்புவது?

மறுநாள் ஏஜெண்டு ஒரு யோசனை சொன்னார். "பாஸ்போர்ட்டிலும் அதே ஜாதிப் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து, தந்தை பெயரையும் தொழிற்சான்றிதழில் உள்ளபடியே எழுதிப் புதிதாக வாங்கிவிடுங்கள். அங்கிருந்து வந்த அனுமதித் தாளோடு பெயர் பொருந்திவிடும். கம்பெனிக்காரனிடம் போய்ப் பெயரை மாற்று என்று கெஞ்ச வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் பையன் விமானம் ஏறலாம்" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. காகிதம் காகிதத்தோடு பொருந்திவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவது எங்கள் தொழிலின் குணம். நான் பையன் பக்கமே நின்றேன் என்பதை மறைப்பதற்கில்லை.

மாமனார் ஒப்பவில்லை. வீட்டில் அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உரத்துப் பேசவில்லை. "அந்தப் பேரை ஊரிலேயே போட்டுவிட்டுத்தான் நான் ரயில் ஏறினேன், மாப்பிள்ளை. அதை என் மகன் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகவேண்டாம்" என்றார். முருகன் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். போய் எங்கே இருப்பான்? வாசற்படியில்தான்.

அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்ததில்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் இடுவதை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானம் நிறைவேறியது. பட்டங்கள் அன்றே ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. மெல்ல மெல்ல மறைந்தன. ஊர் விளம்பரப் பலகைகளிலும், பள்ளிப் பதிவேடுகளிலும், திருமண அழைப்பிதழ்களிலும் தலைமுறை தலைமுறையாக உதிர்ந்து, இன்று தமிழ்நாட்டில் பட்டமின்றிப் பெயர் எழுதுவதே இயல்பு என்றாகிவிட்டது. இந்தியாவின் வேறு பல பகுதிகளில் ஒருவன் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஜாதி தெரிந்துவிடுகிறது. நம் பெயரில் அப்பன் பெயரின் முதலெழுத்து மட்டுமே தெரியும். ஆகையால் அந்தக் காலிக் கட்டம் நம்மிடம் ஒன்று குறைகிறது என்பதைக் காட்டவில்லை, நாமாக ஒன்றை விட்டொழித்தோம் என்பதைத்தான் காட்டுகிறது. ஆனால் துணைத் தூதரகத்தின் கணிப்பொறிக்குச் செங்கற்பட்டு தெரியாதே!

அது எதைத்தான் அறியும் என்று விசாரித்தேன். பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். வரிக்கு 44 இடங்கள். இவ்வமைப்பை வகுத்திருப்பது கனடாவின் மாண்ட்ரியல் நகரில் தலைமையகம் கொண்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம். முதல் வரியில் பெயருக்கென்று உள்ளவை 39 இடங்களே. அதில் குடும்பப் பெயர் முதலிலும், இரண்டு அம்புக்குறிகள் விட்டு இடுபெயர் பின்னரும் வரவேண்டும். ஒற்றைப் பெயரே உடையவனாயின் அப்பெயரே முதலிடத்தில் ஏறி அமர்ந்துகொள்ளும் என்பது விதி. அப்போது இடுபெயருக்கு உரிய இடத்தில் அம்புக்குறிகள் மட்டுமே நிற்கும். அமெரிக்க விஸாவில் இத்தகையோருக்கு எஃப்.என்.யூ. என்று மூன்றெழுத்து இடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். பெற்றவர்கள் ஜாதகம் பார்த்து, காது குத்தி, மூன்று முறை காதில் ஓதி வைத்த பெயர் 'தெரியவில்லை' ஆகிவிடுகிறது! எங்கள் ரயில்வே முன்பதிவுப் படிவத்திலும் பெயருக்கு 15 எழுத்துக்கு மேல் இடமில்லை. தாதர்–திருநெல்வேலி எக்ஸ்பிரஸுக்கு வரும் நம்மவர் பெயர்களில் பாதி தலை போயோ வால் போயோதான் வண்டி ஏறுகின்றன. ஆனால் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

முற்காலத்தில் கையால் எழுதிய பாஸ்போர்ட்டுகள் இருந்தபோது இத்துணை இடர் இல்லை. பார்க்கும் அதிகாரியும் மனிதர், எழுதியவரும் மனிதர். 2015 நவம்பர் 24-ஆம் தேதியோடு, இயந்திரத்தால் படிக்க இயலாத பாஸ்போர்ட்டுகள் உலகெங்கும் வழக்கொழிய வேண்டுமென்று அந்த மாண்ட்ரியல் நிறுவனம் கெடு விதித்திருந்தது. அதன்பின் எல்லாம் எழுத்துக்கு எழுத்துப் பொருத்தம்தான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடு, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்களுக்கு நுழைவு இல்லை என்று அறிவித்ததை வாசகர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சில நாட்களுக்குள், பாஸ்போர்ட்டின் வேறொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதுமென்று தளர்த்தினார்கள். ஆயினும் அந்தச் சில நாட்களில் டிக்கெட்டும் கையுமாக நின்றவர்களின் நெஞ்சம் எப்படித் துடித்திருக்கும்!

பெரியவர்களுக்கும் இந்த இடர் நேர்ந்துதான் இருக்கிறது. 1983-இல் நோபல் பரிசு பெற்ற வானியல் அறிஞர் சந்திரசேகரின் முழுப் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். முன்னே நிற்பது தந்தை பெயர். அத்தந்தையார் ரயில்வே கணக்குத் தணிக்கையில் உயர் பதவி வகித்தவர் என்பதை எங்கள் இலாகாவின் பெருமைக்காகச் சொல்லிக்கொள்கிறேன். அவர் தந்தை பெயரைச் சுருக்காமல் முழுதும் விரித்து முன்னே வைத்ததால், அயல்நாட்டார் பார்வையில் தன் பெயரே குடும்பப் பெயரின் இடத்தில் வந்து அமைந்தது. 1999-இல் அமெரிக்கர் விண்ணில் ஏவிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று பெயர் சூட்டப்பட்டபோது அது அவர் பெயராகவே இருந்தது. சதுரங்க வீரர் ஆனந்துக்கு வேறு விதமாயிற்று. விஸ்வநாதன் அவர் தந்தை பெயர். மேலைநாட்டினர் முன்னே நிற்பது அவர் பெயரென்று கொண்டு விஸ்வநாதன் என்றும், செல்லமாக 'விஷி' என்றும் அழைத்தனர். பின்வந்த பிரக்ஞானந்தா உலகச் சதுரங்கப் பட்டியலில் தந்தையார் பெயரின் ஆர் என்ற எழுத்தைப் பின்னே தாங்கி நிற்கிறார். சதுரங்கப் பட்டியல் ஓர் எழுத்தை ஏற்கும். பாஸ்போர்ட்டு ஏற்காது. நம் நாட்டுப் பாஸ்போர்ட்டு விதியே தலைப்பெழுத்தை விரித்து எழுதவேண்டும் என்பதாகும்.

நிற்க. முருகன் கதைக்கு வருவோம்.

பாஸ்போர்ட்டைத் திருத்துவதற்கு நாங்கள் போனது பாந்திரா–குர்லா வளாகத்திற்கு. தாராவியின் வடக்கே மித்தி ஆறு, அதன் அக்கரையில் அந்தக் கண்ணாடி மாளிகைகள். 2011-இல் அமெரிக்கத் துணைத் தூதரகம் பிரீச் காண்டியிலிருந்து அங்கே குடியேறியது. 2017-இல் நம் வெளியுறவு அமைச்சகம் அங்கே 'விதேஷ் பவன்' என்னும் கட்டடத்தைத் திறந்து, பாஸ்போர்ட்டு அலுவலகத்தையும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் தூரந்தான். ஆனால் மாமனார் நாற்பது ஆண்டுகளில் அன்றுதான் முதன்முறையாக அந்த ஆற்றைக் கடந்து அப்பக்கம் வந்தார். மகனுக்குத் துணையாக அல்ல, என்ன பெயர் எழுதுகிறார்கள் என்று பார்க்க!

இடுபெயர் முருகன், குடும்பப் பெயர் செல்லையா என்று எழுதினோம். இதற்குத் தடையேதும் இல்லை. தந்தை பெயரையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடலாம். நம்மவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இருப்பதாக நான் எண்ணவில்லை. புதிய பாஸ்போர்ட்டு விரைவிலேயே வந்தது. அதற்கென்று விதி இருக்கிறது, கேட்பதற்கு இடமிருக்கிறது. 1967-இல் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்ததன் விளைவாகவே அவ்வாண்டில் பாஸ்போர்ட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வழக்கின் எதிர்வாதி ஒரு பாஸ்போர்ட்டு அதிகாரி, பெயர் டி. இராமரத்தினம். அவர் பெயரிலும் தலைப்பெழுத்து! தாமதமானால் 2005-ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி கேள்வி கேட்கலாம். விஸா அத்தகையதன்று. அது பிற நாட்டார் தம் வீட்டுக் கதவைத் திறப்பது போன்றது. ஏன் திறக்கவில்லை என்று கேட்க நமக்குச் சட்டம் இல்லை. துணைத் தூதரகத்துக்குள் நம் தகவலறியும் மனு செல்லாது. ஆதலின் அங்கே போகுமுன்பே காகிதங்களைச் சீர்செய்வது தவிர நம் கையில் வேறெதுவும் இல்லை.

பாஸ்போர்ட்டு வந்தது. ஆனால் அங்கிருந்து வந்த அனுமதித் தாளில் பழைய மூன்று சொற்களே இருந்தன. அதைக் கம்பெனி மாற்றித் தரவேண்டும். மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஒரு மாதம் கழிந்தது. பின்னர் அவ்விடத்தில் வேறொருவரை அமர்த்திவிட்டதாகச் செய்தி வந்தது. மருத்துவப் பரிசோதனைக்கும் தொழிற்சோதனைக்கும் கொடுத்த பணம் போயிற்று. என் மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன. மாமனார் அன்று சாப்பிடவில்லை. என் பக்கம் திரும்பி, "நான் சரி என்றிருந்தால் இந்நேரம் போயிருப்பான், இல்லையா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். ஆமென்று சொல்லவும் நா எழவில்லை, இல்லையென்று சொல்வதும் பொய்.

அந்த நாட்களில்தான் மற்றோர் ஆபத்தும் வந்தது. வேறொரு ஏஜெண்டு முருகனைத் தேடி வந்து, "வேலை விஸாவுக்கு ஏன் தவங்கிடக்கிறாய்? சுற்றுலா விஸாவில் போய்விடு. அங்கே இறங்கியபின் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஆசை காட்டினார். இதை வாசிக்கும் பெற்றோர்கள் இவ்விடத்தில் சற்று நிதானித்துப் படிக்கவேண்டும். சுற்றுலா விஸாவில் போய் வேலை செய்கிறவன் அந்நாட்டுச் சட்டப்படி குற்றவாளி. அவனுடைய ஒப்பந்தம் எங்கும் பதிவாகாது. சம்பளம் தராவிட்டால் கேட்க வழியில்லை. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஏஜெண்டுகள் அரசாங்கத்தில் பதிவு பெற்றே ஆள் அனுப்பவேண்டும் என்கிறது. அவர்கள் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கூலிக்கும் வரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும். பதிவு பெற்றவர் பெயர்களை அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லப் பாதுகாவலரின் அனுமதி பெறவேண்டும். அவர்களுக்குப் 10 லட்சம் ரூபாய்க்கான காப்புறுதியும் கட்டாயம். இரண்டாண்டுக்குக் கட்டுவது 275 ரூபாயே. பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு இந்த அனுமதி வேண்டுவதில்லை. அது அவனுக்குச் சலுகையாகத் தோன்றும். ஆனால் அவன் தாள்களைப் பார்த்து எச்சரிக்க வழியில் ஓர் அதிகாரியும் இல்லை என்பதும் அதன் பொருள்தான். முருகன் பத்தாம் வகுப்புத் தேறியவன். நானும் அவ்வளவே படித்தவன். அந்த ஏஜெண்டை நான் வாசலோடு அனுப்பிவைத்தேன்.

ஒருவகையில் அந்தத் தோல்வி எங்களைச் சீர்ப்படுத்தியது. அடுத்த ஐந்து மாதங்களில் அவனுடைய காகிதங்களையெல்லாம் ஒரே பெயருக்குக் கொண்டுவந்தோம். தொழிற்பயிற்சிச் சான்றிதழைத் திருத்துவதுதான் பெரும்பாடு. உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று நான்கு முறை அலைந்தோம். ஒவ்வொரு முறையும் எனக்கு அரைநாள் விடுப்புப் போயிற்று. ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவை எளிதில் முடிந்தன. பள்ளிச் சான்றிதழில் உள்ள எஸ் என்ற எழுத்தை அப்படியே விட்டோம். அது செல்லையாவின் முதலெழுத்தே என்பதற்குத் தந்தை பெயர் அச்சான்றிதழிலேயே இருக்கிறது.

நம் இல்லங்களில் சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்கு என் வேண்டுகோள் இது. பிறப்புச் சான்றிதழ் எழுதும் நாளிலேயே தந்தை பெயரின் இங்கிலீஷ் எழுத்துக்களை முடிவு செய்துவிடுங்கள். அதை ஒரு தாளில் எழுதி, பெட்டியில் வைத்து, எங்கே எந்த விண்ணப்பம் நிரப்பினாலும் அதைப் பார்த்தே எழுதுங்கள். தெருவோரம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவரிடம் காலிக் கட்டத்தை விட்டுவைக்காதீர்கள். காலிக் கட்டத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். திருமணமான பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தகப்பன் எழுத்து போய்க் கணவன் எழுத்து வரும்போது பள்ளிச் சான்றிதழ் ஒரு பெயரிலும் திருமணச் சான்றிதழ் மற்றொரு பெயரிலும் நின்றுவிடுகின்றன. கணவன் முன்னே போய்க் குடும்ப விஸாவுக்கு எழுதும்போதுதான் இது வெளிப்படுகிறது. மணமானதால் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருந்துவிடுவது பெரும்பாலும் நலம். இதைச் சொன்னதற்காகச் சில மாமியார்கள் என்மேல் வருத்தப்படக்கூடும்.

முருகனுக்கு இரண்டாவது கம்பெனி கிடைத்தது. சம்பளம் முதலாவதைவிடச் சற்றுக் குறைவு. இம்முறை விண்ணப்பம் போகுமுன்பே எல்லாத் தாள்களையும் அதே தரையில் பரப்பி, மாமனாரையும் உட்காரவைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டோம். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தம் பெயர் எப்படி இருக்கும் என்று மட்டும் எங்களிடம் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு தாளிலும் அதன்மேல் விரலை வைத்துக் காட்டினார். விஸா மூன்று வாரத்தில் வந்தது.

போய் இரண்டு மாதம் ஆயிற்று. சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசினான். வெயிலைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் சொன்னான். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு வளையலுக்கான பணம் வந்து சேர்ந்தது. அங்கே அவனை முருகன் என்று யாரும் அழைப்பதில்லையாம். குடும்பப் பெயரைத்தான் அட்டையில் பெரிதாக அச்சிட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்களாம். காலையில் பெயர் வாசிக்கும்போதும், வேலையிடத்தில் மேலாளர் கூப்பிடும்போதும், "செல்லையா! செல்லையா!" என்றுதானாம். முதல் வாரம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இவன் பேசாமல் இருந்துவிட்டு ஏச்சு வாங்கினானாம்.

மாமனார் கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுவான்?" என்று கேட்டார்.